டேலி, பில்லிங், ஆன்லைன் ஆர்டர், எக்செல்: நான்கையும் ஒரே டேட்டாபேஸுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இதுதான். மார்த்தாண்டத்தில் தேன், கிராம்பு, நல்லமிளகு, அண்டிப்பருப்பு (முந்திரி) ஆகியவற்றை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் கடை. கவுண்டரில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் மேல் ஓடும் பில்லிங் சாப்ட்வேர். கணக்கு நாகர்கோவில் அலுவலகத்தில், டேலிபிரைமில். வலைத்தள ஆர்டருக்குப் பணம் ரேசர்பே வழியாக வருகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் சரக்கு எடுப்பவர்கள் அன்றன்றைய கொள்முதலை எக்செல்லில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்த்து, காலையில் பவர் பிஐயில் (ரிப்போர்ட் காட்டும் சாப்ட்வேர்) பார்க்க வேண்டும். எந்த வரிசையில் இணைப்பது, ஒவ்வொரு டேட்டா சோர்ஸையும் எப்படி அமைப்பது?

முதலில் பில்லிங், அடுத்து டேலி, பிறகு ரேசர்பே, கடைசியில் எக்செல். நான்குமே படிப்பதற்கு மட்டும். டேலிக்குள் எதையாவது திருப்பி எழுதும் வேலையை, ஒரு முழு மாதக் கணக்கு பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமாகத் தெரிகிறதே என்று பலரும் எக்செல்லில்தான் தொடங்குவார்கள். நான்கில் அதிகம் படுத்துவது அதுதான்.

சர்வர் பெயர், போர்ட், யூசர், பாஸ்வேர்டு இவ்வளவுதான் டேட்டா சோர்ஸ் என்று எடுத்துக்கொண்டால், 'டெஸ்ட் கனெக்‌ஷன்' பச்சையாக வந்த அன்றே வேலை முடிந்ததாகத் தோன்றும். அது மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இணைப்பதற்கு முன் ஒவ்வொரு சோர்ஸுக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு வரிசையை இன்னதென்று அடையாளம் காட்டுவது எந்தப் புலம்? பழைய வரிசை ஒன்று திருத்தப்பட்டால் எப்படித் தெரியும்? அழிக்கப்பட்டால் எப்படித் தெரியும்? எந்த நேரத்தில் அந்தக் கணினியோ சேவையோ எடுக்கத் தயாராக இருக்கும்? தகராறு வந்தால் யாரைக் கூப்பிடுவது? இதில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் இல்லாமல் கட்டியதெல்லாம் மூன்றாம் மாதம் டேலியோடு ஒத்துப்போகாது.

கூடவே எந்தத் தகவலுக்கு யார் உரிமையாளர் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒரே வாடிக்கையாளர் பில்லிங்கிலும் இருப்பார், டேலியிலும் இருப்பார், வலைத்தளத்திலும் இருப்பார். ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) வேறுபட்டால் எது சரி? உங்கள் கடைக்குப் பொருந்தும் பிரிவினை இது: விலையும் இருப்பும் பில்லிங்கில் இருப்பதே சரி; கட்சிக்காரரின் (டேலியில் 'பார்ட்டி', நம்மோடு வாங்கி விற்பவர்) ஜிஎஸ்டிஐஎன்னும் பாக்கியும் டேலியில் இருப்பதே சரி; டெலிவரி முகவரியும் போன் நம்பரும் வலைத்தளத்தில் இருப்பதே சரி. இரண்டு இடத்திலிருந்தும் எடுத்து 'கடைசியாக மாறியது வெல்லும்' என்று வைத்தால், பழைய முகவரியைத் தெரியாமல் ஒருவர் சேவ் செய்ததும் புது முகவரி போய்விடும்.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு சோர்ஸுக்கும் தனி ஸ்கீமா (டேபிள்களை வைக்கும் தனி அறை போன்றது) வையுங்கள். வந்தது வந்தபடியே, எல்லாப் புலமும் டெக்ஸ்டாக, எந்த சோர்ஸ், எந்த ஓட்டம், எத்தனை மணிக்கு ஏறியது என்ற மூன்று கூடுதல் புலங்களோடு அங்கே விழட்டும். தேதியாக்குவது, எண்ணாக்குவது, பெயரைச் சரிசெய்வது எல்லாம் அடுத்த அடுக்கில். ஏற்றும்போதே திருத்திவிட்டால், தப்பு சோர்ஸில் இருந்ததா நாம் செய்ததா என்று பிறகு நிரூபிக்க வழியே இருக்காது.

இனி பில்லிங். எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவும்போது டிசிபி/ஐபி அணைந்தே இருக்கும். அதனால் அதே கணினியில் எல்லாம் ஓடும், பக்கத்துக் கணினியிலிருந்து மட்டும் எட்டாது. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கான்ஃபிகரேஷனில் உங்கள் இன்ஸ்டன்ஸுக்கு டிசிபி/ஐபியை எனேபிள் செய்யுங்கள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி அட்ரஸஸ் தாவலின் அடியில் 'ஐபி ஆல்' இருக்கும். அங்கே 'டிசிபி டைனமிக் போர்ட்ஸ்' கட்டத்தைக் காலியாக்கி, 'டிசிபி போர்ட்' கட்டத்தில் 1433 என்று போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டைனமிக்கை அப்படியே விட்டால் கணினி மறுபடி எழும்போது போர்ட் மாறக்கூடும். மாறியதைச் சொல்ல எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸும் யுடிபி 1434 போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். நிலையான போர்ட் வைத்தால் அந்தச் சங்கிலியே தேவையில்லை. ஃபயர்வாலில் 1433-ஐத் திறக்கும்போது கடையின் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள்.

யூசர் விஷயத்தில் 'எஸ்ஏ' என்ற முழு அதிகார யூசரின் பாஸ்வேர்டை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. செய்யாதீர்கள். இந்த வேலைக்கென்று தனி லாகின் உருவாக்கி, தேவையான டேபிள்களுக்கு மட்டும் செலக்ட் உரிமை கொடுங்கள். அது அவர்களுடைய சாப்ட்வேர் என்பதால் பில்லிங் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்களுடைய டேட்டாபேஸுக்குள் ட்ரிகர் (தானே ஓடும் கட்டளை) எழுதவோ, புதுப் புலம் சேர்க்கவோ கூடாது. அடுத்த அப்டேட்டில் அது உடையும், பில் போடுவதே நின்றுபோனால் பழி உங்கள் தலையில் விழும்.

விண்டோஸில் ஓடிபிசி (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் பொது வழி) வைத்து எடுப்பதானால் இரண்டு இடத்தில் கால் இடறும். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு உண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். பெயர் தலைகீழ்தான், அச்சுப்பிழை இல்லை. 32 பிட் புரோகிராமுக்கு 64 பிட் டிஎஸ்என்னை, அதாவது சேமித்து வைத்த இணைப்பு அமைப்பைக் கொடுத்தால் ஐஎம்014 என்ற பிழை வரும். டிஎஸ்என்னே கண்ணில் படவில்லை என்றால் ஐஎம்002. இரண்டாவதற்கு அடிக்கடி காரணம், யூசர் டிஎஸ்என் தாவலில் உருவாக்கியிருப்பது. நீங்கள் லாகின் செய்து ஓட்டினால் வேலை செய்யும், இரவில் டாஸ்க் ஷெட்யூலர் வேறு கணக்கில் ஓட்டும்போது காணாமல் போகும். எப்போதும் சிஸ்டம் டிஎஸ்என். ஷேர் ஃபோல்டருக்கும் இதே கதைதான்: இசட் டிரைவ் என்று மேப் செய்தது சர்வீஸ் கணக்குக்குத் தெரியாது, கணினிப் பெயரோடு முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். ஓடிபிசி டிரைவர் 17-இலிருந்து 18-க்கு மாறியவர்களுக்குச் சான்றிதழ் பிழை வரும். பதினெட்டில் என்கிரிப்ஷன் இயல்பாகவே கட்டாயம். முறையான சான்றிதழ் போடுவதே சரியான தீர்வு. உள் நெட்வொர்க்குக்குள் மட்டும், தற்காலிகமாக, 'ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' என்பதை இயக்கிக்கொள்ளலாம்.

எடுக்கும் முறைக்கு வருவோம். பில் டேபிளில் கடைசியாகத் திருத்திய நேரம் என்று ஒரு புலம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், திருத்தும்போது அது உண்மையிலேயே மாறுகிறதா என்று ஒரு பில்லைத் திருத்திச் சோதியுங்கள். பல சாப்ட்வேரில் அந்தப் புலம் பில் போட்ட நேரத்திலேயே நின்றுவிடும். ரோவெர்ஷன் வகைப் புலம் இருந்தால் அதுவே நம்பகமானது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சர்வரே அதை உயர்த்தும். இரண்டும் இல்லையென்றால் வித்தை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு இரவும் கடைசி 45 நாள் பில்களை முழுவதுமாக எடுத்து, போஸ்ட்கிரெஸில் அந்த 45 நாளையும் அழித்து மறுபடி போடுங்கள். உங்கள் அளவுக் கடைக்கு அது சில நிமிட வேலை. அழிந்த பில்லும் அதிலேயே பிடிபடும்.

ஏப்ரல் 1 தனியாகச் சொல்ல வேண்டிய நாள். பில் எண் அன்று மறுபடி 1-இல் தொடங்கும். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருந்தால் போதும், 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. பில் எண்ணை மட்டும் கீ (வரிசையை அடையாளம் காட்டும் புலம்) என்று வைத்திருந்தால் புது ஆண்டின் 1-ஆம் எண் பில் போன ஆண்டின் 1-ஆம் எண் பில்லின் மேல் ஏறி உட்காரும். ஒரு பிழைச் செய்தியும் வராது. கிளை, நிதியாண்டு, சீரீஸ், எண் நான்கும் சேர்ந்ததே கீ. இன்னொன்று: சில பில்லிங் சாப்ட்வேர்கள் ஆண்டுக்கு ஒரு புது டேட்டாபேஸ் உருவாக்கும். உங்கள் டிஎஸ்என் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இணைப்பு வெற்றி, வரிசை பூஜ்யம். ஆகவே 'கடை திறந்திருந்த நாளில் பூஜ்ய வரிசை வந்தால் அதுவும் தோல்வி' என்று ஒரு விதி கட்டாயம் வேண்டும்.

பொருள் பெயரைத் தமிழில் அடித்திருந்தால், புலத்தின் வகை என்வார்சாரா (யூனிகோடை ஏற்பது) வெறும் வார்சாரா என்று பாருங்கள். வார்சாரில் சேவ் ஆன தமிழ் ஏற்கெனவே கேள்விக்குறிகளாக மாறியிருக்கும், எந்த டிரைவரும் அதை மீட்டுத் தராது.

டேலிக்கு இரண்டு வாசல். ஓடிபிசி ஒன்று, எக்ஸ்எம்எல் இன்னொன்று. லெட்ஜர் பட்டியல், பொருள் பட்டியல் போன்றவற்றை எக்செல்லில் ஒருமுறை பார்த்துக்கொள்ள ஓடிபிசி போதும். வவுச்சர்களை (டேலியின் ஒவ்வொரு கணக்குப் பதிவு) வரிவரியாக எடுக்க எக்ஸ்எம்எல்தான். எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி என்று போய், கிளையன்ட் சர்வர் அமைப்பில் டேலிபிரைம் 'போத்' ஆக இயங்கும்படி வைத்து, போர்ட் 9000 என்று விட்டு, டேலியை மூடித் திறங்கள். அதே கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 9000-ஐத் திறந்தால் 'டேலிபிரைம் சர்வர் இஸ் ரன்னிங்' என்று வர வேண்டும்.

அது வந்தாலும் கம்பெனி திறந்திருந்தால்தான் தகவல் வரும். கணக்கர் மாலை டேலியை மூடிவிட்டுக் கிளம்பினால் போர்ட்டும் சேர்ந்து மூடும். ஆகவே டேலியை இரவு 2 மணிக்கு எடுக்கத் திட்டமிடுவது வீண். மாலை 5 மணிக்கு ஒன்று, காலை அலுவலகம் திறந்ததும் ஒன்று என்று வையுங்கள். அலுவலக நேரத்தில் ஒரு முழு ஆண்டின் டே புக்கை ஒரே கோரிக்கையில் கேட்டாலோ கணக்கரின் திரை உறைந்து நிற்கும், அடுத்த நாளே அவர் அந்த போர்ட்டை அணைத்துவிடுவார். ஒரு கோரிக்கைக்கு ஒரு நாள் என்று கேளுங்கள்.

கோரிக்கையில் கம்பெனிப் பெயரை எழுதாமல் விடாதீர்கள். விட்டால் அந்த நேரத்தில் எது முன்னால் இருக்கிறதோ அதன் தகவல் வரும். இரண்டு கம்பெனி திறந்திருந்தால் ஒன்றின் கணக்கு இன்னொன்றில் ஏறும். தேதி ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கமாகப் போக வேண்டும்: 20250401. வந்த பதிலில் முதல் தேதியும் கடைசித் தேதியும் கேட்டவைதானா என்று புரோகிராமே சரிபார்க்கட்டும். தேதி வடிகட்டல் எல்லா வகைக் கோரிக்கையிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

முதல் முறை எக்ஸ்எம்எல்லைப் படிக்கும்போது பார்சர் (அதைப் பிரித்துப் படிக்கும் புரோகிராம்) பாதியில் நின்றால் திகைக்க வேண்டாம். டேலி தன்னுடைய உள்பெயர்களுக்கு முன்னால், 'பிரைமரி', 'நாட் அப்ளிகபிள்' போன்றவற்றுக்கு முன்னால், எண் 4 உள்ள கட்டுப்பாட்டு எழுத்தைப் போடும். எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி அது அனுமதி இல்லாத எழுத்து. பார்சரிடம் கொடுக்கும் முன் அதை வெறும் டெக்ஸ்டாக வைத்தே துடைத்துவிட வேண்டும். தொகையில் டெபிட் மைனஸாகவும் கிரெடிட் பிளஸாகவும் வரும். விற்பனை வவுச்சரில் கட்சிக்காரர் பெயரில் மைனஸ் தொகையைப் பார்த்து 'ரிட்டர்ன்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டேலியில் மாறியதைக் கண்டுபிடிக்க நல்ல வசதி இருக்கிறது. ஒவ்வொரு வவுச்சருக்கும் மாறாத ஜியுஐடி ஒன்று, திருத்தும்போதெல்லாம் உயரும் ஆல்டர்ஐடி ஒன்று. கடைசியாக ஏற்றிய உச்ச ஆல்டர்ஐடியை நினைவில் வைத்து, அதைவிடப் பெரியதை மட்டும் கேட்டால் போன மாதத் தேதியில் நேற்று திருத்திய வவுச்சரும் வந்துவிடும். ஆனால் அழிக்கப்பட்ட வவுச்சர் இதில் வராது. வாரம் ஒருமுறை ஜியுஐடி பட்டியலை மட்டும் முழுதாக எடுத்து, போஸ்ட்கிரெஸில் இருந்து டேலியில் இல்லாததை 'அழிந்தது' என்று குறியுங்கள். பேக்கப்பிலிருந்து கம்பெனியை ரீஸ்டோர் செய்தாலோ, ஆண்டு வாரியாகப் பிரித்தாலோ ஆல்டர்ஐடியின் தொடர்ச்சியை நம்ப முடியாது. அன்றைக்கு முழு ஏற்றம்தான் வழி. அப்படிச் செய்தால் உங்களிடம் சொல்லும்படி கணக்கரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

டேலியைச் சோதிக்க எஜுகேஷனல் மோடில் போடுபவர்கள் கவனிக்க: அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். உங்கள் தேதி வடிகட்டல் சரியா என்று அங்கே தெரியாது.

இந்த 9000 போர்ட்டுக்குத் தனியாகப் பாஸ்வேர்டு கிடையாது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து வெளியே திறந்துவிட்டால் உங்கள் கணக்குப் புத்தகம் தெருவில் கிடக்கிறது என்று பொருள். 1433-க்கும் இதேதான். மார்த்தாண்டம் கடையிலும் நாகர்கோவில் அலுவலகத்திலும் ஒரு சிறு ஏற்றுப் புரோகிராம் வைத்து, அது உள்ளிருந்து வெளியே கிளவுட் சர்வருக்கு அனுப்பட்டும். வெளியிலிருந்து உள்ளே எதுவும் வர வேண்டாம். மொபைல் இணைப்பில் ஓடும் கடைக்குத் தனிப் பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது. இந்த முறைக்கு அது தேவையும் இல்லை. இரண்டு இடத்தையும் வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக கிளவுடோடு சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ரேசர்பேயில் இரண்டும் வேண்டும்: நடந்தவுடன் சொல்லும் வெப்ஹுக், இரவில் நாமே போய்க் கேட்கும் ஏபிஐ. வெப்ஹுக்குக்கு எப்போதும் விழித்திருக்கும் பொது முகவரி தேவை என்பதால் அது கிளவுட் சர்வரில்தான் இருக்க வேண்டும், கடைக் கணினியில் அல்ல. வந்ததும் கையொப்பத்தைச் சரிபார்த்து, மூல உடலை டேபிளில் போட்டுவிட்டு உடனே 200 திருப்பி அனுப்புங்கள். 5 விநாடிக்குள் பதில் போகாவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புவார்கள். ஸ்டாக் குறைப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் பிறகு, வேறு ஓட்டத்தில். கையொப்பம் வந்த பைட்டுகள் மேல் கணக்கிடப்பட்டது. ஜேசனைப் பிரித்து மறுபடி சேர்த்து அதன்மேல் கணக்கிட்டால் ஒருபோதும் பொருந்தாது. ஒரே நிகழ்வு இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும். ஹெடரில் வரும் ஈவென்ட் ஐடியைத் தனித்துவக் கீயாக வைத்தால் இரண்டாவது தானே ஒதுங்கும். தொடர்ந்து 24 மணி நேரம் தோற்றால் வெப்ஹுக்கையே அணைத்துவிடுவார்கள். அதனால்தான் இரவு ஏபிஐ ஓட்டமும் வேண்டும் என்கிறேன்.

ஏபிஐயில் பட்டியல் கேட்கும்போது எண்ணிக்கை கொடுக்காவிட்டால் 10 வரிசைதான் திரும்பும், உச்சம் 100. சோதனை நாளில் ஏழு ஆர்டர்தான் வந்தது, எல்லாம் சரியாக இருந்தது, ஓணத்துக்கு முந்தைய வாரம் கணக்கு இடித்தது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். குறைவாக ஒரு பக்கம் வரும்வரை அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

தொகை பைசாவில் முழு எண்ணாக வரும்: 500 ரூபாய் என்றால் 50000. 'கேப்சர்ட்' (பணம் உறுதியாக எடுக்கப்பட்டது) நிலையில் உள்ளதை மட்டும் விற்பனையாக எண்ணுங்கள். கட்டணப் புலத்தில் வரும் தொகைக்குள் ஜிஎஸ்டியும் அடங்கியிருக்கும், வரிப் புலம் அதன் உள்பகுதி. இரண்டையும் கூட்டினால் வரி இருமுறை கழியும். பாங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட வேண்டியது தனித்தனிப் பேமென்டை அல்ல, செட்டில்மென்டை. பாங்கில் விழுவது கட்டணம் போக மீதி, பல ஆர்டர் சேர்ந்த ஒரே தொகை.

நேரம் யூனிக்ஸ் விநாடிகளில் வரும், அதைத் தேதியாக்கும்போது யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விட்டுவிட்டால் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை வந்த ஆர்டரெல்லாம் முந்தைய நாளில் விழும். வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இரவில் வீட்டுக்கு ஆர்டர் போடும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏப்ரல் 1 அதிகாலை ஆர்டர் மார்ச் 31-இல் விழுந்தால் நிதியாண்டே மாறிவிடும். நேரத்தை யுடிசியில் சேமியுங்கள், வணிகத் தேதியை இந்திய நேரத்தில் கணக்கிட்டுத் தனிப் புலமாக வையுங்கள்.

எக்செல். நீங்கள் விற்கும் நான்கு பொருளின் எச்எஸ்என் எண்ணையும் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) பாருங்கள்: தேன் 0409, அண்டிப்பருப்பு 0801, நல்லமிளகு 0904, கிராம்பு 0907. நான்குமே பூஜ்யத்தில் தொடங்குகின்றன. எக்செல் அந்தப் பூஜ்யத்தை எண் என்று விழுங்கிவிட்டு 409, 801, 904, 907 என்று வைக்கும். சிஎஸ்வி ஃபைலை யாராவது 'ஒருமுறை திறந்து பார்த்து' சேவ் செய்தாலே போதும். புலத்தை டெக்ஸ்ட் என்று அமைத்த டெம்ப்ளேட் கொடுங்கள், ஏற்றும்போது நான்கு இலக்கத்துக்குக் குறைந்ததை நிறுத்தி வையுங்கள். நாகர்கோவில் லேண்ட்லைன் எண் 04652 என்று தொடங்குவதற்கும் இதே கதி.

தேதி இன்னொரு கண்ணி. 03/04/2025 என்று ஒருவர் ஏப்ரல் 3-ஐச் சொல்கிறார். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அது மார்ச் 4. தேதி 12-ஐத் தாண்டியதும் அது தேதியாகவே மாறாமல் டெக்ஸ்டாக நிற்கும். ஆகவே ஒரு மாதத்தின் முதல் 12 நாள் மட்டும் மாதங்களெல்லாம் சிதறிக் கிடந்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

தேனில் அளவுச் சிக்கல் தனி. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ. கொள்முதல் கிலோவில் நடக்கிறது, பாட்டிலில் 500 மில்லி என்று ஒட்டியிருக்கிறது, வலைத்தளத்தில் யாரோ அதையே 500 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 500 மில்லி பாட்டிலுக்கு உண்மையில் சுமார் 700 கிராம் தேன் போகும். 100 பாட்டில் விற்றால் 50 கிலோ குறைய வேண்டும் என்று ரிப்போர்ட் எதிர்பார்க்கும், குடோனில் 70 கிலோ குறைந்திருக்கும், 20 கிலோவை யார் எடுத்தார்கள் என்று ஆளைச் சந்தேகப்படத் தொடங்குவார்கள். பொருள் மாஸ்டரில் விற்பனை அலகு, இருப்பு அலகு, மாற்று விகிதம் மூன்றையும் தனித்தனியாக வைத்து, விகிதத்தை உங்கள் தேனையே நிறுத்துப் பார்த்துப் போடுங்கள். ஈரம் கூடக்குறைய அது கொஞ்சம் மாறும். நல்லமிளகுக்கும் எடுத்த எடை, ஈரத்துக்குக் கழித்த எடை, நிகர எடை என மூன்று புலம். நிகரம் மட்டும் வந்தால் கழிவு எங்கே கூடியது என்று பார்க்க முடியாது.

பழைய ஃபைல்களில் தமிழ் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடாக மாற்றாமல் ஏற்றாதீர்கள். சிஎஸ்வி உருவாக்கி எக்செல்லில் திறப்பதானால் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் எழுத்துமுறை அடையாளம்) உள்ள யுடிஎஃப்-8 ஆக எழுதுங்கள், இல்லையென்றால் தமிழ் குப்பையாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பை சோர்ஸாக வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஃபைல் மூன்று திருத்தத்தோடு மூன்று முறை வரும், எது கடைசி என்று தெரியாது. கொள்முதல் ஆட்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் கொடுங்கள்: இடம், விவசாயி எண், பொருள், மூன்று எடை, விலை. இடமும் பொருளும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி. தட்ட விட்டால் தக்கலைக்கும் குளச்சலுக்கும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வரும். ஊரைப் பெயரால் சேர்க்காமல் பின்கோடால் சேர்ப்பது பாதுகாப்பு: தக்கலை 629175, குளச்சல் 629251, மார்த்தாண்டம் 629165.

பின்கோடு இன்னொன்றுக்கும் உதவும். களியக்காவிளை தாண்டினால் கேரளம், உங்களுக்கு அங்கே வாடிக்கையாளர் நிறைய இருப்பார்கள். ஜிஎஸ்டிஐஎன் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாடு 33, கேரளம் 32. அடுத்த பத்து பான் எண். பில்லிங் முகவரியின் பின்கோடு 695 என்று தொடங்கி ஜிஎஸ்டிஐஎன் 33 என்று தொடங்கினால் இரண்டில் ஒன்று தப்பு. அந்த வரிசையை நிறுத்தி வைத்துக் கணக்கரிடம் காட்டுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம். சிஜிஎஸ்டியா ஐஜிஎஸ்டியா என்பது பில்லில் போட்டாகிவிட்டது. அதை மாற்றுவது டேட்டா வேலை இல்லை, கணக்கு வேலை.

நேர அட்டவணையில் 'நேற்றைய தகவலை எடு' என்று எழுதாதீர்கள். 'கடைசியாக வெற்றிகரமாக ஏறியதிலிருந்து இன்றுவரை எடு' என்று எழுதுங்கள். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த அன்று 'நேற்று' மட்டும் ஏறும் அமைப்பில் இடைப்பட்ட நாள்கள் ஓட்டையாகவே நிற்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பவர் பிஐயில் போஸ்ட்கிரெஸை இணைக்க ஆன்-பிரமிசஸ் டேட்டா கேட்வேயை (பவர் பிஐக்கும் நம் டேட்டாபேஸுக்கும் இடையில் நிற்கும் புரோகிராம்) விபிஎன்னுக்குள் இருக்கும் ஒரு கணினியில் போடுங்கள். ஸ்டாண்டர்ட் மோட் எடுங்கள், பர்சனல் மோட் வேண்டாம். அது ஒரு ஆளின் லாகினோடு கட்டுப்பட்டது. அந்தக் கணினி தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்ற வேண்டும். ப்ரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 ரிஃப்ரெஷ் வரை. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அட்டவணை தானே அணைந்துவிடும். சரிசெய்த பிறகு அதை மறுபடி இயக்கினால்தான் ஓடும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் மூன்று எண்கள் ஒரு டேபிளில் பதியட்டும்: எத்தனை வரிசை வந்தது, மொத்தத் தொகை என்ன, எத்தனை நிறுத்தி வைக்கப்பட்டது. பில்லிங்கின் நாள் மொத்தம், டேலியின் விற்பனை லெட்ஜர் மொத்தம், போஸ்ட்கிரெஸில் இருக்கும் மொத்தம் மூன்றும் ஒரே பக்கத்தில் காலையில் தெரிய வேண்டும். ஒரு ரூபாய்க்குக் குறைவான வித்தியாசம் என்றால் பெரும்பாலும் ரவுண்டிங். அதற்கு மேல் என்றால் அன்றே பாருங்கள்.

கடைசியாக, டேலிக்குள் திருப்பி எழுதுவது. ஆன்லைன் ஆர்டரை டேலியில் விற்பனை வவுச்சராகத் தானாக ஏற்ற ஆசை வரும், வரட்டும். லெட்ஜர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வவுச்சருக்கும் உங்கள் ஆர்டர் எண்ணிலிருந்து உருவான நிலையான ரிமோட் ஐடி கொடுங்கள், இல்லாவிட்டால் நெட் துண்டித்து மறுபடி அனுப்பும்போது அதே பில் இரண்டாகும். டேலியிடமிருந்து 200 வந்துவிட்டது என்பதை வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிலுக்குள் எத்தனை உருவானது, எத்தனை திருத்தப்பட்டது, எத்தனை பிழை என்ற எண்ணிக்கை இருக்கும், பிழை வரியும் அங்கேயே இருக்கும். பத்து அனுப்பி ஒன்பது உருவாகி ஒரு பிழை என்றாலும் 200தான் வரும். முதல் ஏற்றத்தைக் கம்பெனியின் நகல் ஒன்றில் செய்யுங்கள். நிஜக் கம்பெனிக்கு மாறும் நாளில் கணக்கரிடம் பேக்கப் எடுக்கச் சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஐந்து வவுச்சர் மட்டும் அனுப்பி, டே புக்கில் அவரே திறந்து பார்க்கட்டும்.